சாப்பாட்டுப் பையில் போன மோடம்

2007ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருந்தோம். நான், என் கணவர், எங்கள் ஒரே மகள். கணவர் பஸ் ஓட்டுநர். எனக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. மகளுக்குப் பதினாறு வயது. அந்த ஓகஸ்டில்தான் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் கணவர், "என்ர மானத்தை வாங்கப் போறீர்" என்றார். யாருடைய பெயரும் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் விட்டார்.

இங்கே மேல்நிலைப் பள்ளியின் முதல் வருடத்தில் இரண்டு விதமான கணிதம் உண்டு. ஒன்று கடினமானது, விஞ்ஞானம், பொறியியல் என்று போகிற பிள்ளைகளுக்கு. மற்றது அன்றாடக் காரியங்களுக்குப் போதுமான இலகுவான கணிதம். மகள் கடினமானதை எடுத்தாள். வானிலை பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "மழை வருமோ எண்டு பாக்க யன்னலைத் திறந்தாக் காணாதோ" என்று கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் பஸ் நிலையத்தில் வேலைத் தோழர்களிடம் என் மகள் விஞ்ஞானியாகப் போகிறாள் என்று அளப்பதும் அவர்தான். இலகுக் கணிதத்துக்கு மாறினால் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் மகள் சிரித்துக்கொண்டே ஒரு கதையைத் தொடங்கினாள்.

"அப்பா, எங்கட கணக்கு வாத்தி வகுப்பில படிப்பிக்கிறேல்ல."

அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்ல அவளைக் கணவர் விடவில்லை. படிப்பிக்காத வாத்திக்கு என்னத்துக்குச் சம்பளம், எங்கள் காலத்தில் கணித மாஸ்டர் மணி அடிக்கும் வரைக்கும் சோக்கட்டியைக் கீழே வைக்க மாட்டார், இந்த நாட்டில் பிள்ளைகளுக்கும் செல்லம் வாத்திமாருக்கும் செல்லம் என்று ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினார். சோறு ஆறிப்போனது. மகள் தன் கதையின் மற்றப் பாதியை விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாய் என்று நானும் கேட்கவில்லை. அந்த மற்றப் பாதியைக் கேட்காமல் விட்டதால் நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

செப்டெம்பரில் ஒரு மாலை. கணவர் வேலையால் வந்து கைகால் கழுவப் போனவர், பாதி வழியில் திரும்பிக் குசினிக்குள் வந்தார். நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சரும், இவள் அறைக்குள்ள ஆரோ பெடியனோட கதைக்கிறாள்."

"பள்ளிக்கூடப் பிள்ளையளாயிருக்கும்" என்றேன்.

"கொம்பியூட்டரில கதைக்கிறாள். தமிழ்ப் பெடியனில்லை. வெள்ளை."

அதில் அவருக்கு எது பெரிய கவலை, பெடியன் என்பதா வெள்ளை என்பதா என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் மாலை, காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டு மகளின் அறைப் பக்கமாகப் போன எனக்கும் அந்தக் குரல் கேட்டது. இளம் குரல். சிரித்துச் சிரித்து நோர்வேஜிய மொழியில் பேசியது. பிறகு சிரிப்பு அடங்கி, "நீ இதை விளங்கிக்கொள்ள வேணும்" என்றது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்பவும் அதே குரலில், அதே இழுவையோடு, "நீ இதை விளங்கிக்கொள்ள வேணும்." மூன்றாவது தரமும் அதே. எனக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாரோ தெரியாது, கணவர் என் காதருகே குனிந்து, "கெஞ்சுறான்" என்றார்.

கடைசியாக அந்தக் குரல் உற்சாகமாக, "வி சேஸ் இ மோர்ன்!" என்றது. நாளைக்குச் சந்திப்போம் என்று அர்த்தம். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரு தமிழ்த் தாய்க்குப் பிள்ளையின் அறைக்குள் நுழைய அப்பிள் வெட்டிய தட்டைவிட நல்ல சாட்டு கிடையாது. மறுநாள் குரல் கேட்டதும் தட்டோடு உள்ளே போனேன். கதவைத் தட்டவில்லை. மடிக்கணினியில் ஒரு முகம் தெரிந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், செம்பட்டைத் தாடி, ரீசேர்ட், பின்னால் யாருடையதோ குசினி, அதில் கேத்தில். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மகள் ஏதோ ஒரு விசையை அழுத்தினாள். திறந்த வாயோடு அந்த முகம் அப்படியே நின்றது.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. அப்பிள்."

தட்டை வைத்துவிட்டு வந்தேன். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாளே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. பெரியவர் உள்ளே வந்தால் பார்த்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று நான்தான் அவளைப் பழக்கியிருந்தேன் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

போதாக்குறைக்கு, தோழியோடு தொலைபேசியில் நோர்வேஜிய மொழியில் கதைக்கும்போது ஒரு பெயர் அடிக்கடி அடிபட்டது. இன்றைக்கு அவன் இன்னும் வரவில்லை, எட்டு மணிக்குத்தான் வருவான் போல, நேற்று அவன் சொன்னது உனக்கு விளங்கியதா என்றெல்லாம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லி, அவன் இவன் என்று. இனி இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மகளைக் கூப்பிட்டு நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டால் அவள் "ஓம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான். கேட்காதவரைக்கும் அது ஒரு சந்தேகம் மட்டும்தான். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த என் மச்சாளின் காதுக்கு இது எட்டினால் என்ன ஆகும் என்பது இன்னொரு பயம். கணவரின் அக்கா அவர். நல்ல மனுசிதான், ஆனால் அவர் காதுக்கு எட்டியது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் எட்டிவிடும்.

கணவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில், தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"இந்த வருஷம் படிப்பில கவனம் வேணும் பிள்ளை. வீட்டில இனி இன்டர்நெட் இல்லை. எனக்கும் வேண்டாம்."

எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதுமையில்லை. சோதனை வந்தால் தொலைக்காட்சியின் மேல் துணி போட்டு மூடுவார்கள், தமிழ்ச் சனலை நிறுத்துவார்கள். படிப்பு என்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் எதிர்த்துக் கதைக்க முடியாது. கணவர் மோடத்தைக் கழற்றி, வயரைச் சுற்றி, தன் சாப்பாட்டுப் பைக்குள், சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அலுமாரியில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மோடம் நாள்தோறும் பஸ்ஸில் ஒஸ்லோவைச் சுற்றிவந்தது. ஊர்ச் செய்திகளை இன்டர்நெட்டில் வாசிக்காமல் படுக்கைக்குப் போகாத மனுசன் அதையும் விட்டார் என்றால், எவ்வளவு பயந்திருந்தார் என்று பாருங்கள்.

மகள் சண்டை பிடிக்கவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "சரி அப்பா" என்றாள். அந்தச் "சரி"யையும் நாங்கள் குற்ற உணர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டோம். இன்னொரு கட்டளையும் போட்டார்: பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீடு. நூல்நிலையம், தோழி வீடு ஒன்றும் வேண்டாம்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. கணவருக்கு முதலில் திருப்தி. "அந்தக் கதை முடிஞ்சுது" என்று கையைத் தட்டினார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மகள் வந்தாள், சாப்பிட்டாள், கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் முகில்களைக் காட்டி ஏதாவது பெயர் சொல்லுவாள். இப்போது கேட்டாலும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, அந்தப் பெடியனை எங்கேயாவது தூரத்துக்கு, வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்ட் பக்கமாக, அனுப்பிவிடு தாயே என்று மன்றாடினேன். அவ்வளவு குளிருக்குள் போகச் சொன்னது கொஞ்சம் கூடத்தான்.

ஒக்டோபரில் பெற்றோர் சந்திப்புக்கு அழைப்பு வந்தது. வழமையானதுதான், ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோரையும் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பார். அந்த நாள் நெருங்க நெருங்கக் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. சந்திப்புக்கு முதல் நாள் பின்னேரம் எழும்பி நேரே மகளின் அறைக் கதவுக்குப் போனார். "அந்தப் பெடியன் ஆர்?" என்ற கேள்வி அவர் வாயில் வந்து நிற்பது முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால் என்னென்ன சொற்கள் வரும் என்பதும் தெரிந்தது. கோபத்தில் ஒரு தகப்பன் மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகு திருப்பி எடுக்க முடியாத சொற்கள்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது!" என்று கத்தினேன். தேநீர் இன்னும் போடவே இல்லை. அவர் திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த புத்தியான காரியங்களில் அந்தத் தேநீரும் ஒன்று.

மறுநாள் கணவர் வேலை முடிந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பஸ் ஓட்டுநர் உடுப்போடு, மடியில் அந்தச் சாப்பாட்டுப் பையோடு. வகுப்பறைக்குள் மூவரும் வரிசையாக இருந்தோம், நடுவில் மகள். ஆசிரியர் வரத் தாமதமானது. மகள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. செம்பட்டைத் தாடியும் ரீசேர்ட்டுமாக ஒருவர் வந்து, கையை நீட்டி, தன் பெயரைச் சொன்னார். கணிதமும் படிப்பித்து அந்த வகுப்புக்கும் பொறுப்பாக இருப்பவர் தான்தான் என்றார்.

அதே பெயர். அதே முகம்.

பெடியன் என்று நினைத்தால் வாத்தியா? இது இன்னும் பெரிய இடியாக அல்லவா இருக்கிறது! கணவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேட்டது குரலை மட்டும்தான், அதுவும் கதவுக்கு வெளியே நின்று. பெயரும் நான் சொல்லி அறிந்ததுதான். அந்தப் பெயரில் ஒஸ்லோவில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, படிப்பிக்காத வாத்தியைப் பார்க்கும் பார்வையால் அந்த மனிதரைப் பார்த்தார்.

ஆசிரியர் மெதுவாகத்தான் தொடங்கினார். மகள் முதல் சில வாரங்கள் வகுப்பிலேயே மிகவும் துடிப்பான பிள்ளை. தானாக எழுந்து பலகைக்குப் போவாள், மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பிறகு திடீரென்று வாயை மூடிவிட்டாள். பாடங்களைப் பார்க்காமல் வருகிறாள். குழுவில் மற்றவர்கள் கணக்குச் செய்ய, இவள் மேசையின் ஓரத்தில் சும்மா இருக்கிறாள். இப்படியே போனால் இந்த மாதம் முடிவதற்குள் இலகுக் கணிதத்துக்கு மாறுவதுதான் அவளுக்கு நல்லது, பிறகு மாறவும் முடியாது என்றார்.

கணவருக்கு அடக்க முடியவில்லை. பஸ்ஸில் பழகிய நோர்வேஜிய மொழியில், "நீங்கள் வகுப்பில படிப்பிக்கிறதில்லை. பிறகு பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்?" என்று கேட்டார்.

ஆசிரியர் கோபப்படவில்லை. பலரும் கேட்கிற கேள்விதான் என்று சிரித்துவிட்டு, தன் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "நான் படிப்பிக்கிறேன். வகுப்பில் இல்லை" என்றார். ஒரு விசையை அழுத்தினார்.

திரையில் அதே குசினி. அதே கேத்தில். அதே முகம் ஒரு வணக்கம் சொல்லி, ஒரு பகிடி சொல்லித் தானே சிரித்துவிட்டு, ஒரு தாளில் சமன்பாடு எழுதத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் போனதும் பேனாவை நிறுத்தி, அந்த இழுவையோடு சொன்னது: "நீ இதை விளங்கிக்கொள்ள வேணும்."

கணவர் பேயறைந்தது போல் ஆகிவிட்டார்.

ஆசிரியர் எங்களுக்காக விளக்கிக்கொண்டே போனார். பாடத்தைத் தன் வீட்டிலிருந்து பதிவு செய்து பள்ளிக்கூடத்து இணையப் பக்கத்தில் மாலையில் போட்டுவிடுவாராம். பிள்ளைகள் வீட்டில் பார்க்க வேண்டும். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், திருப்பிப் போடலாம். வீட்டுக் கணக்குகளை வகுப்பில் செய்ய வேண்டும். அங்கே தடுக்கினால் கேட்கத் தானும் இருக்கிறார், தோழர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருந்து கணக்கு வராமல் அழும் பிள்ளைகளைக் கண்டுதான் இப்படி மாற்றிப் பார்த்தாராம். இப்போது இதற்குத் தலைகீழ் வகுப்பறை என்று பெயர் வைத்துப் பெரிய இடங்களிலெல்லாம் பேசுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பாடம் முடிந்து திரையில் இருந்தவர் கையை ஆட்டி, "வி சேஸ் இ மோர்ன்!" என்றார்.

கணவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"இது... எல்லாப் பிள்ளையளுக்குமோ?"

"ஆமாம், முப்பது பேருக்கும்."

"முப்பது பேருக்கும்" என்று கணவர் தமிழில் எனக்குச் சொன்னார். அது எனக்கு விளங்கியதுதான். ஆனாலும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிமிடம் என் நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. வாரக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போக, எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க இன்னும் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் ஓடச் சிரித்தேன். பாவம், அந்த ஆசிரியர் தன் குசினியைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, அது வாடகை வீடு என்றார்.

பிறகு அவர் மகளிடம், "முதலில் ஆர்வமாகப் பார்த்தாயே, ஏன் விட்டாய்?" என்று கேட்டார்.

மகள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குச் சோம்பல் வந்திட்டுது" என்றாள்.

அது பொய். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, வானிலை, விஞ்ஞானம், எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராக அந்தப் பிள்ளை இருந்தாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

கணவர் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். சோற்றுப் பெட்டியை வெளியே எடுத்து வைத்தார். பிறகு மோடத்தை எடுத்து ஆசிரியரின் மேசையில், ஏதோ களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, இரண்டு கையாலும் வைத்தார். வயரில் மீன்குழம்பு மணத்தது.

"சோம்பல் இல்லை. நான்தான் வீட்டில இன்டர்நெட்டை வெட்டினனான். படிக்க வேணும் எண்டு."

ஆசிரியர் மோடத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "படிக்க வேண்டும் என்றா?" என்று திருப்பிக் கேட்டார். கணவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. அந்த மனிதர் எழும்பிப் போய் மூன்று கோப்பையில் கோப்பி கொண்டுவந்து தந்தார். மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது, தவறிய பாடங்களைப் பார்த்துவிட்டு வந்து தான் வைக்கும் சோதனையைச் செய்யட்டும், பிறகு முடிவெடுப்போம் என்றார். மகள் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தாள். நாங்கள் புறப்படும்போது ஆசிரியர் ஒன்று சொன்னார்: அவள் பார்த்ததை உங்களுக்குப் படிப்பிக்கச் சொல்லுங்கள், உங்களுக்கு விளங்கினால் அவளுக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

சுரங்க ரயிலில் வீடு திரும்பினோம். எங்கள் நிலையத்தில் இறங்கி நடக்கும்போது கணவர் மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். சின்ன வகுப்பில் படித்த காலத்துக்குப் பிறகு அவர் அப்படிச் செய்ததில்லை. மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது. பையைத் தூக்கத்தான் வரும்.

அன்று மாலையே மோடம் தன் பழைய இடத்துக்குப் போனது. மகளின் மடிக்கணினி அறையிலிருந்து வரவேற்பறைக்கு வந்து, தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டது. மற்ற வீடுகளில் தமிழ்த் தொடர் ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் செம்பட்டைத் தாடி வாத்தி ஓடினார். கணவர் முதல் பாடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். திரையோடு வாக்குவாதம் வேறு.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. இந்த எக்ஸ் எங்கயிருந்து வந்தது?"

மகள் நிறுத்துவாள், திருப்பிப் போடுவாள், தாளில் எழுதித் தமிழில் விளக்குவாள். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் உருளைக்கிழங்கை வைத்து விளக்குவாள். எனக்குப் பாதி விளங்கும். அவருக்கு விளங்காவிட்டால் விட மாட்டார். ஒரு நாள் படம் நின்றிருந்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட மாஸ்டரை இப்பிடி நிப்பாட்ட ஏலாது. விளங்கேல்ல எண்டு சொல்லப் பயம். நான் கணக்கில கோட்டை விட்டது அப்பிடித்தான்." சோக்கட்டியைக் கீழே வைக்காத அந்த மாஸ்டரைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நானும் கேட்டதில்லை, மகளும் கேட்டதில்லை. மகள் இன்னொரு தரம் திருப்பிப் போட்டாள்.

வந்து பார்க்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால், வேலைக்கு நடுவில் நேரம் கிடைத்த ஒரு நாள் கணவர் வகுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மீன் சந்தை மாதிரிக் கிடக்குது" என்றார். நான் திகைத்துப் போனேன். "ஆனா எல்லாரும் கணக்குக்குத்தான் சண்டை பிடிக்கினம். இவள்தான் பலகையில நிண்டு கத்துறாள்" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

சோதனை முடிவு வந்த நேரம் நான் வேலையில் இருந்தேன். ஒரு வயதான அம்மாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"அம்மா, நான் மாறேல்ல. இந்த வகுப்பிலதான் நிக்கிறன்!"

அந்த அம்மாவின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. யாருக்கு என்ன நடந்தது என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். மகள் கணித வகுப்பில் நிற்கிறாள் என்றேன். "கணிதத்துக்காகவா அழுகிறாய்? நானும் அழுதிருக்கிறேன், ஆனால் வெளியே வருவதற்காக" என்றார். இருவரும் சிரித்தோம். அன்று ஒஸ்லோவில் நல்ல மழை. குடையை விரிக்கும் எண்ணம்கூட வராமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மகள் இன்று வானிலைத் துறையில்தான் வேலை செய்கிறாள். மழை வருமா என்று கணவர் யன்னலைத் திறப்பதில்லை. அவளுக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார். நாங்கள் அன்று என்ன நினைத்தோம் என்பது வெகுகாலம் அவளுக்குத் தெரியாது. தன் வாத்தியைப் பிடிக்காததால்தான் அப்பா இணைப்பை வெட்டினார், சொன்னாலும் கேட்க மாட்டார் என்றே அவள் நம்பியிருந்தாள். போன வருடம் ஒரு நாள், பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கெஞ்சுறான் என்று அப்பா சொன்னதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை வைத்தா சந்தேகப்பட்டீர்கள், இந்த நாட்டில் எந்த வாத்தியைச் "சேர்" என்று கூப்பிடுகிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்து ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா" என்றாள்.

பெற்றோர் சந்திப்புக்கு முதல் நாள் பின்னேரம் கணவரின் வாயிலிருந்து அந்தக் கேள்வி கோபமாக வெளியே வந்திருந்தால் இந்தச் சிரிப்பு எங்களுக்குக் கிடைத்திருக்காது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது. இப்போதெல்லாம் பேரப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு எதையாவது பார்க்கும் சத்தம் கேட்டால், நான் அப்பிள் வெட்டப் போவதில்லை, கதவைத் தட்டி, "என்ன பாக்கிறாய்? எனக்கும் சொல்லித் தா" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.